கழுத்துக் குழாயில் நூலளவு ரத்தம்

என்னிடம் சில வருடங்கள் வேலை பார்த்த டாக்டர் ஷர்மிளா போன மாதம் ஒரத்தநாடு போகும் சாலையில் சொந்தமாக ஒரு ஸ்கேன் சென்டர் திறந்தார். ரிப்பன் வெட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார். வெட்டி முடித்ததும் புது மெஷினைக் காட்ட உள்ளே அழைத்துப் போனார். யார் கழுத்தை வைத்துக் காட்டுவது என்று பேச்சு வந்தபோது நானே சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டேன்.

மெஷின் தானாகவே என் கழுத்துக் குழாயின் சுவரைக் கோடு போட்டுப் பிரித்தது. படிந்திருக்கும் கொழுப்பை மஞ்சள், பச்சை, சிவப்பு என்று வகை பிரித்து நிறம் தீட்டியது. ஓரத்தில் கணக்கு வேறு. "சார், உங்களுக்கும் கொஞ்சம் இருக்கு" என்றார் ஷர்மிளா, தயங்கியபடி.

"இந்த வயசுல இல்லன்னு சொல்லியிருந்தாத்தான் மெஷின் மேல சந்தேகம் வந்திருக்கும்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கேட்டார்: "இந்தக் கலர் எதுவும் இல்லாத காலத்துல, எந்த பிளேக் ஆபத்தானதுன்னு எப்படி சார் தைரியமா சொன்னீங்க?"

எனக்கு அது போதும். ஆரம்பித்துவிட்டேன். பிரியாணித் தட்டைக் கையில் கொடுத்தார்கள். பிரியாணி ஆறியது, நான் நிறுத்தவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியில் ஷர்மிளாவே, "சார், இதை எழுதிக் குடுங்களேன்" என்றார். எழுதுகிறேன்.

என் ஊர் தரங்கம்பாடி. அப்பா அங்கே மிஷன் பள்ளியில் ஓவிய வாத்தியார். வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் பேசுவோம். மருத்துவம் படித்த பிறகு நான் ரேடியாலஜியை எடுத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. படிப்பு முடிந்தபோது கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் இங்கிலாந்துக்கும் மீதிப் பேர் வளைகுடாவுக்கும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் சேர்ந்தேன். அங்கே ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் ஒரு கலர் டாப்ளர் மெஷின் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதுதான் காரணம்.

அந்த மெஷினை இறக்கியவர் டாக்டர் மங்கையர்க்கரசி. குவைத்தில் பல வருடம் வேலை பார்த்தவர். போர் வந்தபோது இரண்டு பெட்டிகளோடு ஊருக்குத் திரும்பினார். அப்போதுதான் நாட்டில் இறக்குமதிக் கெடுபிடிகள் தளர ஆரம்பித்திருந்தன. அதுவரை மெட்ராஸில் மட்டும் இருந்த மெஷின்கள் மெல்ல எங்கள் பக்கமும் வந்தன. மரப்பெட்டியை உடைத்து அந்த மெஷினை வெளியே எடுத்த கதையை அவர் கல்யாணக் கதை மாதிரி சொல்வார்.

தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் இருக்கின்றன. தாடை எலும்புக்குக் கீழே ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை முகத்துக்கு, ஒரு கிளை மூளைக்கு. அந்தப் பிரிவில்தான் கொழுப்பு படியும். அதைத்தான் பிளேக் என்கிறோம். அது கெட்டியாக, சுண்ணாம்பு ஏறி இருந்தால் படத்தில் வெள்ளையாகத் தெரியும், அதற்குப் பின்னால் நிழல் விழும். கொழகொழப்பாக இருந்தால் கறுப்பாகத் தெரியும், ரத்தத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. இந்தக் கறுப்பு வகைதான் பொல்லாதது. அதிலிருந்து துணுக்கு பிய்ந்து மேலே போய்க் கண்ணின் குழாயில் மாட்டினால் கொஞ்ச நேரம் பார்வை இருண்டு திரும்பும். மூளையில் மாட்டினால் கை விழும், பேச்சு போகும். சில பேருக்கு அது திரும்புவதே இல்லை.

மேடம் எனக்கு முதலில் கற்றுத்தந்தது கை வைக்கும் விதம். கழுத்தில் வைத்துப் பார்க்கும் கருவியான புரோபைப் பிடித்த கையின் சுண்டுவிரல் நோயாளியின் காறை எலும்பில் ஊன்றி நிற்க வேண்டும். அப்போதுதான் புரோபின் பாரம் கழுத்தில் இறங்காது. நான் ஒருமுறை சற்று அழுத்திவிட்டேன். "டாக்டர் ஜெபராஜ், நீங்க கழுத்துல கை வச்சிருக்கீங்க. மாவு பிசையல" என்றார். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் ஏற ஏற மரியாதை கூடும். "தயவுசெஞ்சு" என்ற சொல் வந்துவிட்டால் நான் கையை எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

என் கையிலிருந்து புரோபை அவர் ஒருநாளும் வாங்கியதில்லை. பின்னால் வந்து நிற்பார். வாயில் ஒரு ஏலக்காய் இருக்கும். அந்த வாசனை வந்தால் அவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். கேள்வி மட்டும் கேட்பார். "இது எந்தக் கிளை?" நான் சொல்வேன். "எப்படித் தெரியும்?" காதுக்கு முன்னால் துடிக்கும் இடத்தை விரலால் தட்டிக் காட்ட வேண்டும். முகத்துக்குப் போகும் கிளையாக இருந்தால் அந்தத் தட்டல் திரையில் ஓடும் அலையில் சின்னச் சின்ன நடுக்கமாகத் தெரியும். மூளைக்குப் போகும் கிளையில் தெரியாது. தட்டிப் பார்க்காமல் பெயர் சொன்னால் ஏற்கமாட்டார்.

இன்னொன்றும் சொல்லுவார். "ரத்தம் ஓடலைன்னு எடுத்த எடுப்புல சொல்லாதீங்க. ஓடறதை என்னால பார்க்க முடியலைன்னு முதல்ல உங்களுக்கே சொல்லிக்குங்க. ரெண்டும் ஒண்ணில்ல."

இந்தக் கடைசி வார்த்தையின் எடை எனக்கு ஜமால் பாய் வந்த அன்றுதான் தெரிந்தது.

ஜமால் பாய்க்கு அதிராம்பட்டினம். சவுதியில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தொடும் வயது, வெயிலில் காய்ந்த உறுதியான உடம்பு, சட்டைப் பையில் சிகரெட் பெட்டி. லீவில் வந்திருந்தார், லீவு முடியப் போகிற நேரம். கூட அவர் மனைவி மும்தாஜ். தஞ்சாவூரில் கண் டாக்டர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். கண் டாக்டர் கெட்டிக்காரர். "கண்ணில் கோளாறு இல்லை, கழுத்தைப் பார்க்கவும்" என்று எழுதி அனுப்பியிருந்தார்.

"என்ன பண்ணுது பாய்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். இடது கண்ணுல ஒரு திரை விழுந்த மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல சரியாயிருச்சு. கண்ணாடி போட்டா போதும்னு நெனச்சேன்."

"ஒரு தடவை இல்ல டாக்டர்" என்றார் மும்தாஜ். "இவங்க சொல்ல மாட்டாங்க. திரை விழுந்தது ரெண்டு தடவை. போன வாரம் டீ கிளாஸ் கையிலேருந்து நழுவி விழுந்துச்சு. எடுக்கப் போனாங்க, விரல் மடங்கல. கேட்டா, தூக்கமில்ல, அதான்னாங்க."

"எந்தக் கை?"

"சோத்துக் கை."

இடது கண்ணும், மூளையின் இடது பாதி ஆட்டுவிக்கும் வலது கையும். இடது கழுத்துக் குழாய்தான் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் தொடக்கூடியது. அவரைப் படுக்க வைத்தேன். தோளுக்குக் கீழே சின்னத் தலையணை, முகம் வலது பக்கம் திரும்பி. ஜெல்லைத் தடவினேன், சுண்டுவிரலைக் காறை எலும்பில் ஊன்றினேன்.

பிரிவுக்கு வந்ததும் பார்த்தேன். மூளைக்குப் போகும் கிளையின் வாயில் ஒரு பெரிய கறுப்புத் திட்டு. அதன் ஓரத்தில் ஒரு குழி, யாரோ நகத்தால் கிள்ளி எடுத்தது மாதிரி. கலரைப் போட்டேன். பிரிவுக்குக் கீழே இருக்கும் பொதுக் குழாயில் சிவப்பு துடித்தது. முகத்துக் கிளையில் துடித்தது. மூளைக் கிளையில் எதுவும் இல்லை. திட்டுக்கு மேலே வெறும் இருட்டு.

ஏலக்காய் வாசனை வந்தது.

"முழு அடைப்பு மேடம்" என்றேன்.

மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரத்தம் இல்லைன்னு சொல்றீங்களா, மெஷினுக்குத் தெரியலைன்னு சொல்றீங்களா?"

அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குத் தெரியும். குழாய் முழுசாக அடைத்துவிட்டால் அறுவை சிகிச்சையால் பயனில்லை, மாத்திரையோடு விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் நூலளவு ரத்தமாவது கசிந்து போய்க்கொண்டிருந்தால் கதையே வேறு. குழாய் இன்னும் உயிரோடு இருக்கிறது, திறக்கலாம். அதே சமயம் அந்த நூலில்தான் துணுக்குகள் மேலே போகின்றன, எந்த நேரமும் பெரிதாக ஒன்று போகலாம். உடனே செய்தாக வேண்டும். (இன்றைக்கு இந்த நிலைக்கு என்ன செய்வது என்பதில் வேறு கருத்துகளும் உண்டு. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த வழி இது.)

வேகமாக ஓடும் ரத்தத்தைப் பார்க்கும்படி மெஷினை வைத்திருந்தேன். மெதுவாக ஊர்வதைப் பார்க்கும்படி மாற்றினேன். வேக அளவைக் கீழே இறக்கினேன். மெல்லிய ஓசைகளை வடிகட்டும் ஃபில்டரைத் தளர்த்தினேன். திரை முழுக்கப் பொரிபொரியாக இரைச்சல். "பாய், எச்சில் முழுங்காதீங்க. மூச்சைக் கொஞ்சம் பிடிங்க." அவர் பிடித்தார். எதுவும் இல்லை.

"வேற பக்கமா வாங்க" என்றார் மேடம்.

புரோபைக் கழுத்தின் முன்பக்கத்திலிருந்து எடுத்துக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனேன். தாடைக்கு அடியில் ஆழமாகப் பார்க்க வேண்டியிருந்ததால் வயிறு பார்க்கும் வளைந்த புரோபை மாட்டினேன். "மறுபடி மூச்சைப் பிடிங்க பாய்." மும்தாஜும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இருட்டுக்குள் ஒரு பொட்டு. மறைந்தது. மறுபடி வந்தது. அடுத்த துடிப்பில் அதற்கு மேலே இன்னொரு பொட்டு. பிறகு இரண்டும் சேர்ந்தன. கறுப்புத் திட்டின் ஓரத்தை ஒட்டி, தலைமுடி பருமனுக்கு ஒரு ஆரஞ்சுக் கோடு, வளைந்து வளைந்து மேலே ஏறியது. அதற்கும் மேலே குழாய் நல்ல அகலமாக, சுருங்காமல் இருந்தது.

"மேடம்!" என்று கத்தினேன். ஸ்கேன் அறையில் கத்தக் கூடாது. கத்திவிட்டேன்.

"ரெக்கார்ட் பண்ணுங்க, ரெக்கார்ட் பண்ணுங்க!" அவரும் கிட்டத்தட்டக் கத்தினார். மெஷினோடு ஒரு வீடியோ ரெக்கார்டர் இணைத்திருந்தோம். பொத்தானை அழுத்தினேன். காதுக்கு முன்னால் தட்டிப் பார்த்தேன், அலையில் நடுக்கம் இல்லை. முகத்துக் கிளை அல்ல, மூளைக் கிளையேதான். சத்தத்தைக் கூட்டினேன். நல்ல குழாயில் சாட்டை சொடுக்குவது போல ஓசை கேட்கும். இது யாரோ தூக்கத்தில் முனகுவது போல இருந்தது. ஆனால் இருந்தது!

ஜெல்லைத் துடைத்து அவரை உட்கார வைத்தோம். மேடம் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினார். ஜமால் பாய் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நாளன்னைக்கு மெட்ராஸ்லேருந்து ஃபிளைட்டும்மா. போகலைன்னா வேலை போயிரும். அடுத்த லீவுல வந்து பண்ணிக்கிறேன்" என்றார்.

"அடுத்த லீவு எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆகும்."

மும்தாஜ் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். மேடம் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "நீங்க கிரேன்ல சரக்கு தூக்கறப்போ கீழ ஆளுங்க நிப்பாங்களா?"

"நிப்பாங்க. கொக்கி மாட்டணும்ல."

"யாரு அவங்க?"

"எல்லா ஊர்க்காரங்களும்தான். நம்ம பக்கத்து ஆளுங்களே நாலஞ்சு பேர் இருக்காங்க. என் மச்சினன் ஒருத்தன்." மும்தாஜ் பக்கம் கை காட்டினார். "இதோட தம்பி."

"சரக்கு அந்தரத்துல தொங்கறப்போ உங்க வலது கை மடங்காம போச்சுன்னா?"

ஜமால் பாய் தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்து மேடம் மேசையில் வைத்தார்.

"எங்க போகணும், சொல்லுங்க" என்றார்.

மெட்ராஸில் ரத்தக்குழாய் அறுவை செய்பவர் டாக்டர் வரதன். மேடம் அவரோடு போனில் பேசினார். ஜமால் பாயும் மும்தாஜும் மறுநாளே புறப்பட்டார்கள். எனக்கு ஒரே பெருமிதம். அது இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து மும்தாஜ் கூப்பிட்டார். "டாக்டர், இங்க சாயம் விட்டுப் படம் எடுத்தாங்க. முழுசா அடைச்சிருக்கு, ஆபரேஷன் வேணாம்கிறாங்க. தஞ்சாவூர்ல தப்பாப் பாத்துட்டாங்கன்னு இங்க ஒருத்தர் சொல்றார். இவங்களுக்கு ஒரே சந்தோஷம். டிக்கெட்டை மாத்திப் போடச் சொல்றாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல."

மேடத்திடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "நீங்க பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

"பார்த்தேன் மேடம்."

"அப்ப கேசட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. பார்த்தது நீங்க. நீங்கதான் போகணும்."

வீடியோ கேசட்டை ஒரு துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழி நெடுகப் பையை மடியிலேயே வைத்திருந்தேன். கும்பகோணம் தாண்டியதும் ஒரு பயம் வந்தது. நான் பார்த்தது இரைச்சலாக இருந்தால்? ஃபில்டரை அவ்வளவு தளர்த்தினால் மெஷின் இல்லாததையும் வரையும். தட்டிப் பார்த்தேனே, ஓசை கேட்டதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விழுப்புரம் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன்.

டாக்டர் வரதன் ஒல்லியாக, உயரமாக, நிதானமாக இருந்தார். நான் அவரோடு மல்லுக்கு நிற்கத் தயாராகப் போயிருந்தேன். அவர், "முதல்ல சாப்பிட்டீங்களா? சரி, போடுங்க, பார்ப்போம்" என்றார். ஆஸ்பத்திரி வகுப்பறையில் இருந்த டி.வி.யில் கேசட்டை ஓடவிட்டோம். பொட்டு, இன்னொரு பொட்டு, கோடு. பின்னால் போட்டு மறுபடி பார்த்தார். எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் மூக்கு உரசும்படி நின்று இன்னொரு முறை பார்த்தார்.

"இது பக்கத்துக் குழாயிலேருந்து கலர் சிந்தினது இல்ல" என்றார். "துடிப்புக்குத் துடிப்பு ஏறுது. நாங்க சாயம் விட்டுட்டுப் படத்தைச் சீக்கிரம் நிறுத்தியிருப்போம். இவ்வளவு மெதுவா ஊர்ந்தா அதுல வராது. மறுபடி எடுப்போம். இந்தத் தடவை யாரும் நிறுத்தாதீங்க."

சாயம் விட்டு மறுபடி எடுத்தார்கள். ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு நானும் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். சாயம் பொதுக் குழாயில் ஏறியது, முகத்துக் கிளையில் பாய்ந்து கரைந்தது. மூளைக் கிளை வெறுமையாகவே இருந்தது. டெக்னீஷியன் திரும்பிப் பார்த்தார். "விடுங்க, ஓடட்டும்" என்றார் வரதன். எல்லாச் சாயமும் வடிந்து திரை வெளுத்தது.

அப்போது வந்தது. அடைப்பின் மேலே, பென்சிலால் லேசாக இழுத்த மாதிரி ஒரு கோடு, நத்தையாக ஊர்ந்து, கபாலத்தின் அடிப்பாகத்தைத் தொட்டது. கண்ணாடிக்குப் பின்னால் நின்ற நாலு பேரும் ஒரே நேரத்தில் "அதோ!" என்றோம்.

வரதன் என் தோளில் தட்டினார். "நாளைக்குக் காலையில. நீங்களும் உள்ள வாங்க. எனக்கு நீங்க வேணும்."

எதற்கு வேண்டும் என்று அடுத்த நாள் தெரிந்தது. அவர் இந்த அறுவையை நோயாளி விழித்திருக்கும்போதே செய்வார், கழுத்தை மட்டும் மரக்கச் செய்து. குழாயைத் திறக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் கவ்வி போட்டு ரத்தத்தை நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் மூளை தாங்குகிறதா என்று தெரிய வேண்டும். அதற்கு அவர் வைத்திருந்த கருவி ஒரு ரப்பர் பொம்மை. அமுக்கினால் கீச்சென்று கத்தும் பச்சைக் கிளி. அதை ஜமால் பாயின் வலது கையில் கொடுத்தார்கள். கை அமுக்கினால் மூளை நன்றாக இருக்கிறது. சத்தம் நின்றால் உடனே ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி ரத்தத்தை மேலே அனுப்ப வேண்டும். அந்தச் செருகலிலும் ஆபத்து உண்டு.

"அவருக்குப் பழகின குரல் வேணும். பேசிக்கிட்டே இருங்க" என்றார் வரதன்.

பச்சைத் துணிக்கு அடியில் ஜமால் பாயின் முகத்தருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு கூடாரம் மாதிரி இருந்தது.

"கிரேன் கேபினுக்குள்ள ஏ.சி. உண்டா பாய்?"

"உண்டு சார். ஆனா வெயில் கண்ணாடியைத் துளைச்சுக்கிட்டு வரும். மேலேருந்து பாத்தா கப்பலே தீப்பெட்டி மாதிரி இருக்கும்."

"கவ்வி போடறேன்" என்றது வெளியே வரதனின் குரல்.

"கிளியை அமுக்குங்க பாய்."

கீச்.

"மறுபடி."

கீச்.

"பயமா இருக்கா?"

"இருக்கு சார். ஏணியில முதல் தடவை ஏறினப்போ இருந்த மாதிரி இருக்கு."

"அமுக்குங்க."

கீச். அப்படியே போனது. கேட்பேன், பதில் சொல்வார், அமுக்குவார். மச்சினனைப் பற்றிச் சொன்னார், அவன் சமைக்கிற மீன்குழம்பைப் பற்றிச் சொன்னார். வெளியே குழாயைத் திறந்துவிட்டார்கள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"அமுக்குங்க பாய்."

சத்தம் இல்லை.

"ஜமால் பாய், கிளி!"

இல்லை. வெளியே "குழாய் எடுங்க" என்று வரதன் நர்ஸிடம் சொன்னது கேட்டது. "பாய், என்னைப் பாருங்க. பேசுங்க!"

அவர் என்னைப் பார்த்தார். கண் தெளிவாக இருந்தது. வாய் கோணவில்லை. "சார்," என்றார், ரொம்ப வெட்கத்தோடு. "கை வேர்த்து அது வழுக்கிப் போச்சு சார். தேடிக்கிட்டிருக்கேன்."

குனிந்து துணிக்கு அடியில் பார்த்தேன். அவருடைய ஐந்து விரலும் படுக்கை விரிப்பை நண்டு மாதிரி துழாவிக்கொண்டிருந்தன. கிளி தொடைக்கு அடியில் கிடந்தது. எடுத்துக் கையில் வைத்தேன். கீச், கீச், கீச் என்று மூன்று முறை அமுக்கினார்.

"கிளி கீழ விழுந்துருச்சு சார்! கை நல்லாயிருக்கு!" என்று துணிக்குள்ளிருந்து கூவினேன். அறையே சிரித்தது. "சிரிக்காதீங்க, என் கை ஆடுது" என்று வரதன் அதட்டினார். அவர் குரலிலும் சிரிப்பு இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "வெளியே வாங்க, இதைப் பாருங்க" என்று கூப்பிட்டார். எழுந்து போனேன். எஃகுக் கிண்ணத்தில் அது கிடந்தது.

அதுவரை எத்தனையோ பிளேக்குகளைப் பற்றி எழுதியிருக்கிறேன். கறுப்பு, சாம்பல், வெள்ளை என்று நிழலாக மட்டுமே பார்த்தவை. முதல் முறையாக ஒன்று கண்ணெதிரே, ஈரமாக, நிறத்தோடு. உருகி உறைந்த மெழுகின் மஞ்சள். குழாய் பிரியும் இடத்தின் கவட்டை வடிவம் அப்படியே அச்சாக இருந்தது. ஓரத்தில் அந்தக் குழி, திரையில் பார்த்த அதே இடத்தில். குழிக்குள் கருஞ்சிவப்பில் ஒரு ரத்தக்கட்டி, தொட்டால் கழன்றுவிடும் போல. வரதன் அதை இடுக்கியில் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். நடுவில் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது. குண்டூசி முனை அளவு.

"இது வழியாத்தான் நீங்க பார்த்திருக்கீங்க" என்றார்.

கையுறை மாட்டிக்கொண்டு, கேட்டு வாங்கி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவு லேசாக இருந்தது.

ஜமால் பாய் பிழைத்தார். சில வாரங்கள் குரல் கரகரத்தது, இடது காது மடல் மரத்துக் கிடந்தது, அவ்வளவுதான். கண்ணில் திரை விழவில்லை, கையும் சொன்னபடி கேட்டது. சில மாதம் கழித்து மறுபடி சவுதிக்குப் போனார். கம்பெனி டாக்டர் அவரைக் கிரேனில் ஏற விடவில்லை. கீழே நின்று சைகை காட்டும் வேலையைக் கொடுத்தார்கள். மேலே உட்காருவதைவிடக் கீழே நிற்பதுதான் கஷ்டம் என்று அடுத்த லீவில் வந்து என்னிடம் சண்டை போட்டார். கூடவே லீவில் வந்த நண்பர்களை ஒரு வேனில் ஏற்றி வந்து எல்லார் கழுத்தையும் பார்க்கச் சொன்னார். நன்றாக இருக்கிறவர்களுக்கு இது வேண்டாம், சிகரெட்டை விடுங்கள், சர்க்கரையையும் பிரஷரையும் பாருங்கள் என்று மேடம் சொன்னதில் அவர்களுக்கு ஏமாற்றம்தான்.

அறுவை முடிந்த மறுநாள் எழும்பூரில் காலை ரயிலைப் பிடித்தேன். சன்னல் ஓரம் இடம் கிடைத்தும் என்னால் உட்கார முடியவில்லை. எதிரே திருத்துறைப்பூண்டிக்குப் போகும் ஒரு அம்மா இருந்தார். அவர் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கிளி விழுந்ததும் எனக்கே பக்குன்னு ஆயிருச்சு தம்பி" என்றார். வண்டி மாற மாயவரத்தில் இறங்கும்போது, "அவருக்கு உடம்பு பாத்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே நடவு முடிந்த வயல்கள் பச்சைப் பசேலென்று ஓடின. எனக்கு எல்லாமே அழகாக இருந்தது.

தஞ்சாவூரில் இறங்கினால் பிளாட்பாரத்தில் மேடம் நின்றுகொண்டிருந்தார். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. சென்டரைவிட்டு அவர் பகலில் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. அறுவை நல்லபடியாக முடிந்ததை முந்தின நாளே போனில் சொல்லியிருந்தேன். அதனால் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"கையில வாங்கிப் பார்த்தீங்களா?" என்றார்.

"பார்த்தேன் மேடம்."

"எப்படி இருந்துச்சு?" குரல் என்னமோ போல இருந்தது. "குவைத்துலயும் சரி, இங்கயும் சரி, நான் எழுதின ஒண்ணைக்கூட இதுவரைக்கும் நேர்ல பார்த்ததில்ல ஜெபராஜ்."

நிறத்தைச் சொன்னேன். கனத்தைச் சொன்னேன். குழி எந்தப் பக்கம், கட்டி எவ்வளவு பெரிசு, வெளிச்சம் எங்கே தெரிந்தது என்று கையில் வரைந்து காட்டினேன். கூலிக்காரர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ரயில் திருச்சி பக்கம் கிளம்பிப் போய்விட்டது.

"நாம சொன்ன இடத்துலதான் இருந்துச்சா?"

"அதே இடம் மேடம். இம்மிகூட நகரல."

மேடம் சிரித்தார். பிளாட்பாரத்தின் நடுவே, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கூட மறைக்காமல், வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிப்புக்கு அவ்வளவு சத்தம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும். பிறகு அங்கிருந்த சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து இடத்தைத் தட்டினார்.

"உட்காருங்க. பஸ் ஏறினதிலேருந்து சொல்லுங்க. ஒண்ணையும் விடாதீங்க, தயவுசெஞ்சு."

நான் உட்கார்ந்து ஆரம்பித்தேன்.